தண்ணீர் குடிக்கும் தோணி

நாற்பது வருடம் தோணி கட்டிய சேசடிமை எம்.எல்.ஏ. ஆன மறுவாரம், அவர் கட்டிய கடைசித் தோணியைக் கடலில் இறக்கினார்கள். மாலையும் துண்டுமாக ஏறிய ஐம்பது பேரும், பலகை இடுக்குகளில் கசிந்த தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் குதித்துக் கரையேறிவிட்டார்கள். அவரிடம் தேர்தலில் தோற்ற செல்லையா மட்டும் இறங்கவில்லை. "இவர் கையில் கொடுத்தால் தொகுதியே மூழ்கும்" என்று மேடைக்கு மேடை பேசியவர் அவர். மூழ்குவதைப் பார்க்காமல் போக மனமில்லை.

"நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தீரா வே? முங்குது."

"புது மரம்லா, மூணு நாள் தண்ணி குடிக்கும். ஊறுனா பலகை உப்பி தானா அடைச்சிக்கிடும். அதுவரைக்கும் கோரி ஊத்தணும்."

"யாரு ஊத்த? உம்ம ஆளுவதான் ஓடிட்டானுவளே."

சேசடிமை ஒரு வாளியை அவர் பக்கம் தள்ளினார். செல்லையா முனகிக்கொண்டே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தோணியின் அடி காய்ந்து கிடந்தது. இருவரும் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்று இரு தரப்புக் கட்சிக்காரர்களும் கூப்பிட்டார்கள்.

செல்லையா எழுந்து நின்று கத்தினார்: "இன்னும் கசியுதுப்பா!"