ஜோசியப் பெட்டியின் ஒரே பதில்

‘ஜூன் 12. மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்காகச் செய்த ஜோசியப் பெட்டிக்கு எட்டுப் பதில்கள் எழுதினேன். அவற்றைக் கலைத்துப் போடும்படி உள்ளே இருக்கும் குட்டிக் கணினியான மைக்ரோகண்ட்ரோலருக்குக் கட்டளை எழுத மறந்துவிட்டேன். எதைக் கேட்டாலும் முதல் பதிலே வருகிறது: துணிந்து செய்.’

தங்கை டைரியை மூடுவதற்குள் அக்கா வந்தாள்.

“வேலைய விட்டுட்டு சைக்கிள் ரிப்பேர் கடை வைக்கலாமான்னு உன் பெட்டியக் கேட்டேன்டி. துணிந்து செய்னுச்சு. ராஜினாமா கொடுத்துட்டு வந்துட்டேன்.”

“ஐயோ, அதுக்கு வேற பதிலே சொல்லத் தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியுமே. காலையில குளிக்கட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் அதேதான் சொல்லுச்சு.”

“அப்புறம் எதுக்குக்கா அதுகிட்டப் போய்க் கேட்ட?”

“வீட்டுல நீங்க எல்லாரும் வேண்டாம்னுதானே சொல்றீங்க?”

தங்கை டைரியில் அடுத்த வரியை எழுதினாள்.

‘நாளை காலை: அக்காவோடு போய்க் கடைக்கு இடம் பார்க்க வேண்டும்.’