கடைசிச் சக்கரம்

"மிதி."

மிதித்தாள்.

"புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டாள். காரின் முன்சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த அவன், பிரேக் குழாயின் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தினான். காலடியில் பிரேக் மெல்லத் தரைவரை இறங்கியது. முடுக்கினான்.

"விடு."

விட்டாள்.

ஒரு மாதமாகவே சக்கரத்தடியில் ஈரம். அவள் சொன்னாள். தண்ணிதான் என்றான்.

இன்று காலை அம்மாவைப் பார்க்கக் கிளம்பியபோது டப்பாவில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் இல்லை. குழாய் முழுக்கக் காற்று.

பஸ்ஸில் போகிறேன் என்றாள். வீட்டில் கார் இருக்கும்போது பஸ்ஸில் போய் இறங்கினால் உன் சனம் என்னை என்ன நினைக்கும் என்றான்.

கசிந்த வாஷரை மாற்றினான். மதியத்துக்குள் மூன்று சக்கரங்களின் பிரேக் குழாயில் காற்றை வெளியேற்றியிருந்தான். யாரோடோ பேசிக்கொண்டே டப்பாவில் ஆயில் ஊற்ற மறந்தான். மறுபடி வறண்டது. மறுபடி முதல் சக்கரத்திலிருந்து.

அவள் சாயும் வெயிலைப் பார்த்தாள்.

அம்மா தாளவாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். இருட்டிவிட்டால் செக்போஸ்ட்டைத் தாண்டி மலைப்பாதையில் விட மாட்டார்கள்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. போன ஆடிலயும் இப்படித்தான் அலறியடிச்சுக் கூப்புட்டாங்க. போய்ப் பாத்தா உங்கம்மா ஒக்காந்து களி தின்னுட்டிருந்துச்சு."

தின்றாள்தான். முதல் உருண்டையை மகள் கையால் வாங்கிய பிறகுதான்.

"மிதி. இதோட முடிஞ்சுது. புடிச்சுக்கோ."

பிரேக் தரையைத் தொட்டது.

வீட்டுக்குள் சார்ஜில் கிடந்த போன் அடித்தது.

காலையில் அக்கா தெய்வானை சொல்லியிருந்தாள்: "இனி நானாக் கூப்புட மாட்டேன். கூப்புட்டா, எடுக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சுரும்."

"ஏனுங்க, போனு."

"காலை எடுத்துராத! ஸ்பேனர் நழுவிருச்சு. இப்ப எடுத்தீன்னா மறுபடியும் காத்து ஏறிரும். அப்பறம் இன்னைக்குப் போன மாதிரிதான்."

அவன் வண்டிக்கடியில் கையை விட்டுத் துழாவினான்.

போன் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் இன்னும் அழுத்தினாள்.

நின்றது.

போன் மறுபடி அடிக்கும் என்று காத்திருந்தாள்.

அடிக்கவில்லை.

"கெடச்சிருச்சு." முடுக்கினான். "ம், விடு. இப்ப மிதிச்சுப் பாரு."

மிதித்தாள். பாதியிலேயே உறுதியாக நின்றது.

அவன் எழுந்து, கையைத் துணியில் துடைத்தபடி கதவருகே வந்தான். சிரித்தான்.

"எப்புடி? கல்லாட்டம் நிக்குதா? தள்ளி உக்காரு. வெரட்டிப் போனா செக்போஸ்ட் அடைக்கறதுக்குள்ள ஏறிரலாம்."

அவள் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாவே போலாங்க."