திருப்பிச் சொன்னால் ஐந்து மார்க்

"மூணு வாரமா இருமல் விடல. ராத்திரியில உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் இடுப்பில் சுற்றியிருந்த சிதென்ஜேத் துணியின் முனையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள்.

அவளுக்கு ஒரு நோயும் இல்லை என்பது தியமிகேவுக்குத் தெரியும். மருந்தக உதவியாளர் படிப்பின் செய்முறைத் தேர்வில், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க வந்த போலி நோயாளி அவள். வருடா வருடம் ஸோம்பா சந்தையிலிருந்து கடைக்காரிகளைக் கூட்டி வருவார்கள். இந்த வருடம் ஆசிரியர் குடியிருப்பிலேயே ஆள் பிடித்துவிட்டதாகப் பேச்சு.

மார்க் போடுபவர் பச்சைத் திரைக்குப் பின்னால் இருப்பார். எந்தத் திரைக்கு எந்த ஆசிரியர் என்று காலையில்தான் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தார்கள். மாணவிக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

தியமிகே இரண்டு முறை தோற்றவள். பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. குரல்தான் தொண்டையைத் தாண்டாது. நோயாளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு ஐந்து மார்க். அவள் சொன்னது திரைவரை எட்டவில்லை என்று இரண்டு தடவையும் முட்டை போட்டார்கள். இதிலும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"நோஞ்சான் கோழி மாதிரி முனகாதடி. மீன் விக்கிறவ மாதிரி கூவு" என்று அறைத்தோழி எலுபி சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆகவே கூவினாள். "அம்மா, உங்களுக்கு மூணு வாரமா இருமல்! ராத்திரி வேர்வை! காசநோய்னு டாக்டர் எழுதியிருக்கார்!"

"காது நல்லாத்தான் கேக்குது எனக்கு" என்றாள் அந்தப் பெண்.

"இந்தச் சிவப்பு மாத்திரையை வெறும் வயித்துல, கஞ்சி குடிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி முழுங்கணும். ஆறு மாசம், ஒரு நாள்கூட விடக் கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்துல போகும், பயப்படாதீங்க!"

"ஆரஞ்சு எங்க? பால் விடாத டீ மாதிரில்ல போகுது."

தியமிகே விழித்தாள். மருந்துச் சீட்டில் இன்றைய தேதிதான் இருந்தது. "இன்னிக்குத்தானே ஆரம்பிக்கிறீங்க?"

"எங்க மாமியாருக்கு வந்துச்சும்மா. தடுப்புக்குன்னு வீட்ல எல்லாருக்கும் இதே சிவப்பு மாத்திரையைக் குடுத்தாங்க. ரெண்டு மாசமா முழுங்கிட்டு இருக்கேன்."

நம்மைக் குழப்புவதற்கென்றே புதிதாக எதையோ எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் என்று தியமிகே நினைத்துக்கொண்டாள். குழம்பக் கூடாது. அடுத்த கேள்வி.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

"வேரு, பட்டைன்னு நாட்டு மருந்து?"

"இல்லைங்கிறேன்ல."

"எதுக்குக் கேக்கிறேன்னா, இது மத்த மருந்தையெல்லாம் சீக்கிரமா உடம்பை விட்டு விரட்டிடும். முக்கியமா குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. அதை முழுங்கினாலும் முழுங்காத மாதிரிதான்!"

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. இருமலை மறந்துவிட்டாள். மேஜைக்கு அடியில் விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எட்டித் தியமிகேவின் காதருகே வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

கேட்கக் கேட்கத் தியமிகேவுக்குப் புல்லரித்தது. இதுதான் பொறி! நோயாளி ஒளித்து வைத்திருந்த மருந்து! இதைப் பிடிக்கத் தெரியாமல்தான் எத்தனையோ பேர் போயிருப்பார்கள். மணியடிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. எழுந்து நின்று, திரையைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"அம்மா, நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன்! மூணு வருஷமா புருஷனுக்குத் தெரியாம குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை முழுங்குறீங்க! மாவு டப்பாவுல ஒளிச்சு வெச்சிருக்கீங்க! பிள்ளை வரம் கேட்டு உங்க மாமியார் உங்களை ஊர் ஊரா ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துட்டு அலையிறாங்க! இப்போ இந்த மாசம் தள்ளிப்போயிருக்கு! சரிதானே?"

"அடிப்பாவி, மெதுவாப் பேசு!" அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பியது. சந்தைக் கடைக்காரிகள் இவளிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று தியமிகே வியந்தாள்.

"முதல்ல கர்ப்பமான்னு சோதனை பண்ணிடுங்க. இல்லைன்னா, மருந்து முடிஞ்சு ஒரு மாசம் வரைக்கும் ஆணுறை. கவலைப்படாதீங்கம்மா! நோயாளியோட ரகசியம் இந்த அறையைத் தாண்டாது! உங்க புருஷன் காதுக்குப் போகவே போகாது!"

மணி அடித்தது.

திரைக்குப் பின்னால் பேனா ஓடும் சத்தத்தைக் காணோம். போன இரண்டு தடவையும் இதே மௌனம்தான். தியமிகேவின் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

"சார்... கேட்டுச்சா?"

நாற்காலி பின்னால் நகரும் ஓசை. திரையை விலக்கிக்கொண்டு கலிலானி சார் வெளியே வந்தார். அவர் தியமிகேவைப் பார்க்கவில்லை.

"நல்லாவே கேட்டுச்சு. முழு மார்க். கதவைச் சாத்திட்டுப் போம்மா, நான் என் பொண்டாட்டிகிட்ட கொஞ்சம் பேசணும்."