நிற்காமல் ஏறுவது

அந்தக் குன்றின் உச்சிக்கு மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு பாதைதான். விளையாட்டு ஆசிரியர் அதை இருபத்திரண்டு நிமிடத்தில் ஏறுவார். அன்று மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அவளுக்கு ஆஸ்துமா.

முதல் வளைவிலேயே அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூச்சு வாங்குதுங்க. அந்த ஸ்ப்ரேயைக் குடுங்க.”

“மூச்சுதானே வாங்குறே, நகையா வாங்குறே?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ஸ்ப்ரேயைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். “இது மேலதான் கிடைக்கும். எல்லாம் பழக்கம். நிக்காம வா.”

விசிலை ஒருமுறை ஊதிவிட்டு முன்னே நடந்தார். அவளுடைய இழுப்புச் சத்தம் பின்னாலேயே வந்தது. இரண்டாவது வளைவில் அது நின்றது. பழகிவிட்டாள் என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் அவரை யாரும் தாண்டிச் செல்லவும் இல்லை.

உச்சியில் இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

“நீ எப்படி வந்தே?”

“நீங்க சொன்ன மாதிரிதான். நிக்காம வந்தேன்.”

அவர் ஸ்ப்ரேயை எடுத்து நீட்டினார்.

“வேணாங்க. இப்ப மூச்சு வாங்கலை.”

கீழே, இரண்டாவது வளைவிலிருந்து யாரோ கத்தினார்கள். “இந்தம்மாகூட வந்தவங்க யாருங்க? சீக்கிரம் வாங்க!”

அவள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

“உட்காருங்க. இனிமே என்ன அவசரம்?”