துருவின் நிறம்

“மிஸ், இத ஒருக்கா வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க.”

ஹாஜறா நீட்டிய போத்தலில் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

“எங்க எடுத்தீங்க?” என்று கேட்டார் சுற்றாடல் அலுவலகத்திலிருந்து வந்திருந்த நதீரா.

“இந்தா, காக்காட பட்டறைக் கானுலதான். மழை பெஞ்சா ஒழுங்கை முழுக்க இதுதான் ஓடுற. புள்ளைகள் இத மிதிச்சுத்தான் மதரசாவுக்குப் போற. மறுகா நேரா மீன் புடிக்கிற களப்புக்குப் போய்ச் சேருற.”

காக்கா என்று அவர் சொன்னது அடுத்த வளவில் இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் கச்சிமுகம்மதுவை. அவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

பட்டறையின் அனுமதிப்பத்திரம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்துக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் நதீரா வந்திருந்தார். கிடைக்காவிட்டால் உலையை அணைக்க வேண்டியதுதான்.

நதீரா கழிவுநீர் ஓடும் அந்தக் கானை எட்டிப் பார்த்தார். பட்டறைக்குள்ளிருந்து வந்த தண்ணீர் போத்தலில் இருந்த அதே நிறத்தில் ஓடியது.

உள்ளே போனார்கள். முற்றத்தில், வார்த்து முடித்த மணலும் உலைக் கசடும் மழையில் நனைந்தபடி குவிந்து கிடந்தன.

“இதுக்கு மேல கூரை போடச் சொல்லிப் போன வருஷமே எழுதினோம்.”

“ஓம் மிஸ். போடல்ல,” என்றார் கச்சிமுகம்மது.

“ஏன்?”

“பிழைதான்.”

“அது சரி, இரும்புத் துரு இவ்வளவு சிவப்பா வருமா?”

“பழைய இரும்பு, மிஸ்.”

பட்டறையின் மூத்த வார்ப்புக்காரர் நஜீம் வாயைத் திறந்தார். “மிஸ், இந்தச் சிவப்பு வந்து…”

“நஜீம், போய் உலையப் பாரு.”

“உலை இன்னும் பத்தவைக்கவே இல்லயே, முதலாளி.”

“அப்ப போய்ப் பத்தவை.”

நஜீம் போனார்.

“கூரை போடுங்க. தண்ணி தெளியிறதுக்கு ஒரு குழி வெட்டுங்க,” என்றார் நதீரா. “ரெண்டு கிழமையில திரும்பி வருவன். அப்பவும் இந்த நிறம் இருந்தா அனுமதிப்பத்திரம் இல்ல.”

“ஓம் மிஸ்.”

நதீராவின் வாகனம் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு ஹாஜறா சொன்னார்.

“கோவிக்காதீங்க காக்கா. நானுந்தான் தொழில் செய்றன். நாலு தறி ஓடுது. ஒரு சொட்டுத் தண்ணி ஒழுங்கைக்கு வருதா? பின்னால குழி வெட்டி எல்லாத்தையும் அதுக்குள்ள விட்டிரிக்கன். மனமிருந்தா செய்யலாம்.”

“ஓம் ஹாஜறா,” என்றார் கச்சிமுகம்மது.

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நஜீமைக் கூப்பிட்டார். கான் வாய்க்குப் போகாமல், பட்டறைக்குப் பின்னால் ஹாஜறா வீட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

“இங்கயா குழி?”

“இங்கதான்.”

சுவரின் அடியில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதற்குள்ளால் சிவப்பாகத் தண்ணீர் ஒழுகிவந்து பட்டறைக் கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர். ஹாஜறாவின் குழி மழையில் நிரம்பி வழிந்திருந்தது.

“இதத்தான் நான் சொல்ல வந்த,” என்றார் நஜீம். “உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“போன மாரியிலயே தெரியும்.”

“மறுகா ஏன் வாயத் திறக்கல்ல? இப்பவே மிஸ்ஸுக்குக் கோல் எடுக்கிறன்.”

“எடு. நம்மட அனுமதிப்பத்திரத்தப் புதுப்பிச்சாப் போதும். ஹாஜறாட்ட அனுமதிப்பத்திரமே இல்ல. நாளைக்கு நாலு தறியும் நிண்டிரும். மறுகா உன்ட ஹிமாயா எங்க போய் நெய்ற?”

நஜீம் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவருடைய மனைவி ஹிமாயா அந்தத் தறிகளில் ஒன்றில்தான் நெய்கிறார்.

“நம்மட கசடும் நனைஞ்சுதானே கிடந்த? மிஸ் சொன்னதும் பிழையில்ல. ஆழமா வெட்டு. சிரட்டைக் கரியும் மணலும் போட்டு நிரப்பினா ரெண்டு வளவுத் தண்ணியும் தெளியும்.”

“ஹாஜறா ராத்தாக்காவது சொல்லலாமே?”

“ரோசக்காரி. சொன்னா அண்டைக்கே தறிய நிப்பாட்டிரும்.”

நஜீம் வெட்டத் தொடங்கினார். கச்சிமுகம்மது கிட்டப் போய்ச் சொன்னார்.

“ஹிமாயாக்கிட்ட மட்டும் ஒண்டு சொல்லிவை.”

“என்ன?”

“இந்தக் குழி முடியிற வரைக்கும் ஆரும் பச்சைச் சாயம் போடாமப் பாத்துக்கச் சொல்லு. சிவப்பெண்டா துரு எண்டு சமாளிக்கலாம். பச்சையா வந்தா நான் எந்த இரும்பக் காட்டுற?”