இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நூலகத்தின் பின்னறையில் சாயங்கால வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. திரும்பி வந்த புத்தகங்களில் வாசகர்கள் கிறுக்கியதை அழிப்பது அவள் வேலை. தாள் கசங்காமலிருக்க இடதுகையால் அழுத்திக்கொண்டு ரப்பரை ஒரே பக்கமாக இழுக்கிறாள். இன்றைக்குக் கையில் இருப்பது, பாழடைந்த மாளிகையில் ஒருத்தியை ஒருத்தி காதலிக்கும் இரண்டு பெண்களின் பேய்க்கதை. படித்த புண்ணியவான் யாரோ, ஒரு பக்கம் விடாமல் பென்சிலால் கருத்து சொல்லியிருக்கிறார். 'இந்தப் பேய்க்கு வேற வேலையே இல்லையா?' சிரித்தபடியே அழிக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ரப்பர் நின்றுவிடுகிறது. 'பேய் வந்தப்பகூட பயமில்ல. விருந்தாளிங்க முன்னாடி ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னு சொல்லிக்கிட்டாங்களே, அங்கதான் பயந்துட்டேன்.' அந்த எழுத்தின்மேல் ரப்பர் தூள் நடுங்குகிறது, மின்விசிறிக் காற்றுதான். கதவிடுக்கில் தலைமை நூலகர் அம்மா எட்டிப் பார்க்கிறார். "உன் தங்கச்சி வந்திருக்கா. நானும் வருஷக்கணக்கா பாக்குறேன், உங்களுக்குள்ள ஜாடையே ஒத்துப்போகல போ!" கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குடையோடு நிற்கிறவள் இவளைப் பார்த்ததும் ஆசையாகக் கை தூக்குகிறாள், பக்கத்தில் ஆள் இருப்பதைக் கண்டு சட்டென்று இறக்கிக்கொள்கிறாள். அந்த வரியை மட்டும் அழிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டு, ஒன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய பொய்யை இவள் தடுமாறாமல் சொல்கிறாள்: "அவ அப்பா ஜாடை மேடம், நான் அம்மா ஜாடை."