வட்டச் செயலாளரின் மதில்

மதில் கழுவும் பிரஷர் வாஷ் வேன் புதிதாகப் போட்ட எழிலரசனுக்கு அன்றுதான் முதல் வேலை. வீட்டுக்காரர் வாயால் 'திருப்தி' என்றால்தான் உரிமம் நிலைக்கும். கழுவக் கழுவ என்ன போகிறதென்று இயந்திரம் உரக்கச் சொல்லும், அது சட்டம்.

மதில், வட்டச் செயலாளர் தணிகாசலத்துடையது. பிறந்ததிலிருந்து ஒரே கட்சி என்று மேடைதோறும் முழங்குபவர். வேனை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார்.

"உள்ள கேமரா கீமரா இருக்காடா?"

"வெறும் தண்ணிதாண்ணே."

எழிலரசன் தண்ணீரைப் பீய்ச்சினான். "பாசி," என்றது இயந்திரம். "அதற்குக் கீழே, வீட்டுக்காரர் கைரேகையோடு எதிர்க்கட்சிச் சின்னம். அதற்கும் கீழே..."

தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

"நிறுத்துடா! யாருடா உன்னை அனுப்பினது?"

உரிமம் எழிலரசனின் கண்முன் வந்து நின்றது. வேன் தொட்டியில் சேற்றைக் கரைத்து மதில் முழுக்க அடித்தான்.

தணிகாசலம் தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பதான்டா சுத்தமா இருக்கு. திருப்தி."